மண்புழு உரத் தரவிதியில் புழு எங்கே?

உரப் படுகையில் பெருகும் புழுவும் காட்டு மண்ணில் வாழும் புழுவும் ஒன்றல்ல. யூட்ரிலஸ், ஐசீனியா இரண்டும் மேல்மட்டப் புழுக்கள். சாணமும் மக்கும் ஈரமும் இருக்கும்வரை பல்கும். ஆழமாக வளை தோண்டா. லாம்பிட்டோ மௌரிட்டி இந்த மண்ணுக்கே உரியது. மக்கையும் மண்ணையும் சேர்த்து விழுங்கி, அரைவைப்பையில் மணற்பரலோடு அரைத்து, குடலின் கோழை கலந்து எச்சமாகத் தள்ளும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் வரப்போரம் குருணைகுருணையாகக் குவிந்திருப்பது அந்த எச்சம்தான். சித்திரையில் அதே இடத்தைக் கொத்தினால் மேலே ஒன்றும் அகப்படாது. ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, சுருண்டு கிடக்கும். அது விட்டுப்போன வளைகளின் வழியே அடுத்த மழை நீர் உள்ளே இறங்கும். பல்லடம், அவினாசிப் பக்கத்து மானாவாரிச் செவ்வலில் இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இன் நான்காம் அட்டவணை மண்புழு உரத்துக்கு ஈரம் 15–25 சதவீதம், கரிமக் கார்பன் குறைந்தது 18, தழைச்சத்து 1, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 0.8 என வரையறுக்கிறது. 90 சதவீதம் 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் வரம்பு வைத்தது நல்லதே. அந்த அளவில் விதியை ஏற்கலாம். ஆனால் நன்கு மக்கி, இந்தச் சத்தளவை எட்டிய எந்த எருவும் சலித்து மூட்டை கட்டினால் இதில் தேறிவிடும். எந்தப் புழு செரித்தது என்பது இருக்கட்டும், புழு செரித்ததா என்றே விதி கேட்பதில்லை. கலப்படக்காரருக்கு இதைவிட வசதி வேறில்லை.

தமிழக அரசு 2024–25-இல் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் மதிப்பு 206 கோடி ரூபாய். பசுந்தாள் உர விதையோடு மண்புழு உரப் படுகையும் அதில் உண்டு. படுகை உரம் மண்ணுக்கு உணவாகும், சரி. அந்த உணவைத் தின்ன மண்ணில் புழு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை 12 அளவைகளைச் சொல்கிறது: கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமக் கார்பன், பேரூட்டம், கந்தகம், நுண்ணூட்டம். உயிரைப் பற்றி ஒரு வரி இல்லை. காங்கயத்துப் பக்கம் ஏர் படாத கொறங்காடும், வேலிக்கு அந்தப்புறம் ரோட்டவேட்டர் ஓடி ஓடி நொய்யாகிப்போன காடும் இந்த 12 எண்களில் ஒத்துவந்தால் இரண்டுக்கும் ஒரே அட்டைதான். பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூல் மாதிரி உயிரியாக வைத்துக் கற்பித்த புழுவுக்கு வேளாண் துறையின் படிவத்தில் இடமில்லை. பெயரில் மண்ணுயிரைச் சூட்டிவிட்டு, கணக்கில் அதை விட்டுவிடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். படுகைகளை எண்ணிப் பயனாளிப் பட்டியலில் ஏற்றலாம்; மண்ணுக்குள் இருப்பதை அப்படி ஏற்ற முடியாதே!

எண்ணும் முறை இத்துறையினர் அறியாததல்ல. 25 செ.மீ. சதுரம், 30 செ.மீ. ஆழம் மண்ணைப் பெயர்த்துக் கையால் பொறுக்கி எண்ணுவதற்கு ஆய்வகம் வேண்டாம். மண்வெட்டியும் ஒரு சாக்கும் போதும். மாதிரி எடுக்கும் காலத்தை மட்டும் கோடையிலிருந்து வடகிழக்குப் பருவமழைக்கு மாற்ற வேண்டும். மண்வள அட்டையில் பதின்மூன்றாவது வரியாகப் புழு எண்ணிக்கையையும், தரவிதியில் புழுவினத்தின் பெயரையும் அரசு சேர்க்க வேண்டும். அதுவரை களப்பணியாளர்கள் தங்கள் மாதிரிப் பதிவேட்டிலேயே அந்த எண்ணைக் குறித்துவரலாம்.