காற்றும் பாயும் நம் சிறாரும்

காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியோன் வழிவந்தவன் எனக் கரிகாலனைப் புறநானூற்றில் பாராட்டினார் வெண்ணிக்குயத்தியார். அப்பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். பாய்மரப் படகுப் போட்டியோ பெருநகரத்தார் விளையாட்டாகவே நிற்கிறது.

அதில் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் சென்னையின் நேத்ரா குமணன். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், ஒருவரே செலுத்தும் சிறுபடகுப் பிரிவில், 44 பேருள் அவருக்குக் கிட்டியது 35ஆம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம். முதற்களம் கற்பித்த பாடத்தின் பயன் இவ்வுயர்வு என்பேன்.

பாகூர்க் கொம்யூனின் நரம்பை, பன்னித்திட்டுச் சிறார் கடலோடு வளர்பவர். அவர்க்கு அம்முதற்களம் எட்டாமைக்குக் காரணம் படகின் விலையே. கடலோர அரசுப் பள்ளிக்குச் சில சிறுபடகுகளும் ஒரு பயிற்றுநரும் வேண்டுமென நம் கல்லூரிகள் அரசைக் கேட்டல் வேண்டும். வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரியை விட்டுவிடலாம். அது பறவைகளின் சரணாலயம்.