திரையிலிருந்து வந்தால் நாவல் இல்லையா?

ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ், டாக்டர் ஹூ போன்ற அறிவியல் புனைவுப் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஒட்டி எழுதப்படும் நாவல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பதிப்பாளர்கள் இவற்றை ‘டை-இன்’ நாவல் என்பார்கள். நிறையப் படிக்கிறவர்கள்கூட இவற்றைப் பற்றி ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: இவை புத்தகங்களே அல்ல, படத்தோடு சேர்த்து விற்கும் பொம்மை, பனியன் வரிசையில் இன்னொரு சரக்கு. இந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் உறுதியான எண்ணம். படிக்காமலே சொல்லப்படும் தீர்ப்பு இது. அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

சொந்தமாக எழுத வராதவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பது முதல் வாதம். இதை மறுக்கப் பெயர்களே போதும். 1966-ல் ‘ஃபென்டாஸ்டிக் வாயேஜ்’ படத்தை நாவலாக்கியவர் ஐசக் அசிமோவ். 1967 முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் கதைகளைப் புத்தகமாக்கிய ஜேம்ஸ் பிளிஷ், அதற்கு முன்பே, 1959-ல், நாவலுக்கான ஹியூகோ விருது பெற்றவர். ‘தி ஃபாரெவர் வார்’ எழுதிய ஜோ ஹால்டெமன் 1977-லும் 1979-லும் இரண்டு ஸ்டார் ட்ரெக் நாவல்கள் எழுதினார். ஹியூகோ, நெபுலா இரண்டையும் வென்ற வோண்டா மெக்கின்டயர் 1981-ல் ‘தி என்ட்ரோபி எஃபெக்ட்’ எழுதினார். மைக்கேல் மூர்காக்கும் ஸ்டீபன் பாக்ஸ்டரும் டாக்டர் ஹூ நாவல் எழுதியிருக்கிறார்கள். பணத்துக்காக எழுதினார்கள் என்று பதில் வரும். எழுதியிருக்கட்டும். வாரப் பத்திரிகையின் கெடுவுக்குள், சன்மானம் வாங்கிக்கொண்டு எழுதப்பட்டதால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நமக்குக் குறைந்துபோய்விடவில்லை.

இரண்டாவது வாதம் சற்று வலுவானது. படத்தில் பார்த்ததைத்தானே எழுத்தில் மறுபடி சொல்கிறார்கள், அதைப் படிப்பானேன்? திரைக்கதையை அப்படியே வாக்கியங்களாக மாற்றி, இரண்டு வர்ணனை சேர்த்து அச்சேற்றிய நூல்கள் உண்டு. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் நல்ல எழுத்தாளர் கையில் இந்த வேலை என்னவாகிறது என்பதற்கு அசிமோவே சாட்சி. அந்தப் படத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை மனிதர்களோடு சேர்த்து நுண்ணளவுக்குச் சுருக்கி, நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். முடிவில் வெள்ளையணு ஒன்று கப்பலை விழுங்கிவிட, மனிதர்கள் மட்டும் தப்பி வெளியே வருகிறார்கள். அப்படியானால் உள்ளே கிடக்கும் கப்பலின் சிதைவுகள் பழைய அளவுக்கு விரிந்து அந்த நோயாளியைக் கிழித்துவிடாதா? படம் இந்தக் கேள்வியைக் கண்டுகொள்ளவில்லை. அசிமோவ் விடவில்லை. அவருடைய நாவலில் தப்பி வருகிறவர்கள் அந்த வெள்ளையணுவையும் தங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். நாவல் படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டதால், நாவலைத்தான் படமாக எடுத்தார்கள் என்றே பலர் நம்பினார்கள்.

1989-ல் வந்த ‘தி அபிஸ்’ படத்தின் நாவலுக்காக ஆர்சன் ஸ்காட் கார்ட் முக்கியப் பாத்திரங்களின் கடந்தகாலத்தைத் தனி அத்தியாயங்களாக எழுதினார். இயக்குநர் ஜேம்ஸ் கேமரன் அவற்றைத் தன் நடிகர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். திரையில் நாம் பார்க்கும் நடிப்புக்குப் பின்னால் நாவலாசிரியரின் கற்பனையும் இருந்தது. பார்த்ததைத் திருப்பிச் சொல்லும் எழுத்துக்கு இது நடக்குமா?

இந்த வாதம் அடியோடு சரிந்துவிழும் இடம் டாக்டர் ஹூ. பிபிசி நிறுவனம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் பழைய நிகழ்ச்சிகளின் நாடாக்களை அழித்துவந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ அத்தியாயங்களின் படச்சுருள் இன்றும் கிடைக்கவில்லை. அழியாமல் தப்பியவற்றையும் அன்று நினைத்தபோது பார்க்க முடியவில்லை. அந்தத் தொடரின் முதல் வீடியோ கேசட் கடைக்கு வந்ததே 1983-ல்தான். இடைப்பட்ட காலத்தில், தான் பிறப்பதற்கு முன்பு வந்த கதையை ஒரு பிரிட்டிஷ் சிறுவன் தெரிந்துகொள்ள வேண்டுமானால், 1973-ல் தொடங்கிய டார்கெட் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பைத்தான் தேடிப் போகவேண்டும். தொடரின் கதைப்பொறுப்பாசிரியராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ் அந்த வரிசையில் அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். சின்ன வாக்கியங்கள், தெளிவான நடை, நூற்றுச் சொச்சம் பக்கங்கள். 2019-ல் அவர் இறந்தபோது, தங்களைப் படிக்கவைத்தவர் அவர்தான் என்று நன்றியோடு எழுதியவர்களில் இன்றைய எழுத்தாளர்கள் பலர் இருந்தார்கள்.

அதே வரிசையில் 1974-ல் மால்கம் ஹல்க் எழுதிய ‘தி கேவ் மான்ஸ்டர்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. திரையில் அது ரப்பர் உடையணிந்த ஊர்வன இனத்தின் கதை. மனிதர்களுக்கு முன்பே பூமியை ஆண்டு, நிலத்தடியில் நீண்ட உறக்கத்தில் இருந்து விழிக்கும் இனம் அது. தொலைக்காட்சியில் அந்த உயிர்களுக்குப் பெயர்கூட இல்லை. நாவலோ அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. உறங்கப் போகுமுன் அவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று சொல்கிறது. ஓக்டெல், மோர்க்கா என்று பெயர் வைக்கிறது. வந்தேறி யார், மண்ணுக்கு உரியவர் யார் என்ற கேள்வி திரையைவிட ஆழமாக வாசகனுக்குள் இறங்குகிறது. அதே கதையை அதே ஆள்தான் தொலைக்காட்சிக்கும் எழுதினார். ஒப்பனைக்கும் படப்பிடிப்புக்கும் ஆகும் செலவு அங்கே அவர் கையைக் கட்டியது. காகிதம் கட்டை அவிழ்த்தது.

மூன்றாவது வாதத்தை இலக்கியவாதிகள்தான் அதிகம் சொல்கிறார்கள். பாத்திரங்களும் உலகமும் இன்னொருவருடையவை, எனவே படைப்பாற்றலுக்கு இடமில்லை என்கிறார்கள். கம்பனைப் படித்த மொழியில் இந்த வாதம் எப்படி எடுபடும் என்று தெரியவில்லை. அகலிகையைப் புதுமைப்பித்தன் உருவாக்கவில்லை, ‘சாபவிமோசனம்’ புதுமைப்பித்தனுடையதுதான். இராமகாதை பொதுச்சொத்து, ஸ்டார் ட்ரெக் நிறுவனத்தின் சொத்து என்று வேறுபாடு காட்டலாம். அந்த வேறுபாடு உண்மையானது. உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரி அச்சேறாது. 1980களின் இறுதியில் ஸ்டார் ட்ரெக் நாவல்கள் மீதான கெடுபிடி இறுகி, துணிச்சலான பல யோசனைகள் முளையிலேயே கிள்ளப்பட்டதும் நடந்ததுதான். ஆனால் அது சட்டம், உரிமை பற்றிய சங்கதி. அந்த வேலிக்குள் நின்று ஒருவர் என்ன எழுதினார் என்பதை நூலைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

திறந்து பார்க்க நான் முதலில் கொடுப்பது ஜான் எம். ஃபோர்டின் ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்’ (1984). அதுவரை ஸ்டார் ட்ரெக் திரையில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தார் வெறும் வில்லன்கள். ஃபோர்டு அவர்களுடைய நாகரிகத்தை உள்ளிருந்து எழுதினார். தொடரின் நாயகர்களான கிர்க்கும் ஸ்பாக்கும் நாவலின் ஓரத்தில் மட்டும் வருகிறார்கள். நடுவில் நிற்பவன் க்ரென் என்ற அநாதைச் சிறுவன். சதுரங்கம் போன்ற ஓர் ஆட்டத்தில் உயிருள்ள காயாக நிறுத்தப்படும் அவனைப் போர்த்தந்திரி ஒருவர் தத்தெடுக்கிறார். வாழ்க்கையையே அந்த ஆட்டத்தின் கண்ணால் பார்க்கும் சமூகம் எப்படிப் பேசும், எப்படி அன்பு காட்டும், எதை மானம் என்று கொள்ளும் என்று வரிவரியாக விரிகிறது. பிறகு வந்த தொடர்கள் கிளிங்கான்களுக்கு வேறு வழி வகுத்துக்கொண்டன. திரை காட்டிய எந்தக் கிளிங்கான் சமூகத்தையும்விட ஃபோர்டின் சமூகமே எனக்கு நம்பும்படி இருக்கிறது.

ஊனா மெக்கார்மக்கின் ‘தி நெவர்-எண்டிங் சாக்ரிஃபைஸ்’ (2009) வேறு வகை. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் 1993-ல் ஓர் அத்தியாயம் வந்தது. ரூகல் என்ற சிறுவன் கார்டேசிய இனத்தவன். அவனைப் பாசத்தோடு வளர்த்தவர்களோ, கார்டேசியர்கள் அடிமைப்படுத்தியிருந்த பஜோர் மக்கள். தன் இனத்தையே வெறுத்து வளர்ந்த அவனைப் பெற்ற தகப்பனிடம் திருப்பி அனுப்புவதென்று தளபதி சிஸ்கோ முடிவெடுக்கிறார். அத்தோடு அத்தியாயம் முடிந்தது. அந்தப் பையன் திரையில் மறுபடி தோன்றவே இல்லை. வாராவாரம் புதுப் பிரச்சினை தேவைப்படும் வடிவத்தில் போன வாரத்துப் பிள்ளையை நினைக்க நேரமில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து மெக்கார்மக் அவனைத் தேடிப் போனார். அந்த அந்நியமான தாயகத்தில் அவன் எப்படி வளர்ந்தான், அந்த அரசின் போர் அவனை என்ன செய்தது என்று ஒரு முழு நாவலாக எழுதினார். நல்லெண்ணத்தோடு பெரியவர்கள் எடுத்த முடிவின் விலையை ஒரு குழந்தை வாழ்நாள் முழுக்கக் கொடுப்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன அறிவியல் புனைவுகள் குறைவு. இந்த நூலை ‘சரக்கு’ என்று ஒதுக்குவதைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

நான்காவது வாதம் ரசிகர்களிடமிருந்தே வருகிறது. இந்த நாவல்கள் ‘கணக்கில் சேராது’. நாளை வரும் படம் வேறு கதை சொன்னால் இவை செல்லாது. உண்மையில் அப்படி நடந்திருக்கிறது. 2014-ல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களையெல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்று முத்திரை குத்தி, புதிய படங்களின் கதையிலிருந்து விலக்கியது. இருபதாண்டு காலம் நாவல்களில் மட்டுமே வளர்ந்த ஸ்டார் ட்ரெக் கதைத்தொடர்ச்சியும், ‘பிகார்ட்’ தொடரோடு ஒத்துப்போகாததால், 2021-ல் மூன்று நாவல்களோடு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் ‘செல்லாது’ என்றால் என்ன பொருள்? கிர்க்கும் இல்லை, கிளிங்கானும் இல்லை, எல்லாமே கற்பனை. ஒரு கற்பனை இன்னொரு கற்பனையோடு முரண்பட்டால் முதலாவது பொய்யாகிவிடுமா? எது நடந்தது என்று நிறுவனம் அறிவிக்கும்வரை ரசிக்கக் காத்திருக்கும் வாசகர், தன் வாசிப்பை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்.

கணக்கில் சேராது என்றவற்றைத் திரை எத்தனை முறை எடுத்துக்கொண்டது என்பதையும் பார்க்கவேண்டும். ஸ்டார் ட்ரெக் பாத்திரமான சூலுவுக்கு ‘ஹிகாரு’ என்று பெயர் வைத்தவர் மெக்கின்டயர். பத்தாண்டு கழித்து, 1991-ல், ஆறாவது படம் அதை ஏற்றுக்கொண்டது. ஸ்டார் வார்ஸின் தலைநகர்க் கோளுக்கு ‘கொரஸண்ட்’ என்ற பெயர் திமோதி ஜான் 1991-ல் எழுதிய ‘ஏர் டு தி எம்பயர்’ நாவலிலிருந்து படங்களுக்குப் போனது. அதே நாவலில் பிறந்த கிராண்ட் அட்மிரல் த்ரான், லெஜண்ட்ஸ் பட்டியலுக்குத் தள்ளப்பட்ட பிறகும் 2016-ல் ‘ரெபல்ஸ்’ தொடரிலும், 2023-ல் ‘அசோகா’ தொடரிலும் திரும்பி வந்தான். தொலைக்காட்சியில் டாக்டர் ஹூ நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், 1995-ல், பால் கார்னல் எழுதிய ‘ஹியூமன் நேச்சர்’ நாவலில் வேற்றுக்கோள் நாயகரான டாக்டர் தன்னை மறந்து மனிதனாகி, ஒரு பள்ளி ஆசிரியராக வாழ்ந்து, ஒருத்தியைக் காதலிக்கிறார். அந்த நாவல் 2007-ல் தொலைக்காட்சிக் கதையானது. அந்தத் தொடரை 2005-ல் உயிர்ப்பித்த ரசல் டி. டேவிஸும் அதே நாவல் வரிசையில் 1996-ல் ஒன்று எழுதியவர்தான். தொடர் இல்லாத அந்த ஆண்டுகளில் நாவல்கள்தான் தொடராக இருந்தன.

மிச்சமிருப்பது வணிகம் என்ற குற்றச்சாட்டு. ஆம், இந்த நாவல்கள் நிறுவனங்களின் லாபத்துக்காக வெளியாகின்றன. ஆனால் ‘இவை புத்தகங்களே அல்ல’ என்ற ஏளனம் யாருக்கு உதவுகிறது? முதல் ஸ்டார் வார்ஸ் நாவல் 1976 நவம்பரில், படம் வருவதற்கு முன்பே வெளிவந்தது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். ‘ஏலியன்’ பட நாவல்களும் அவர் எழுதியவை. டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபிலிமையும் பிறகு ஃபாக்ஸையும் வாங்கியபின் அந்த நூல்களுக்கான ராயல்டி தனக்கு வரவில்லை என்று 2020 நவம்பரில் அவர் பகிரங்கமாகச் சொன்னார். உரிமையை வாங்கியதோடு சரி, எழுத்தாளருக்குக் கொடுக்கவேண்டிய கடன் தங்களைச் சேர்ந்ததல்ல என்று அந்த நிறுவனம் கருதுவதாக அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் குற்றஞ்சாட்டியது. சங்கத்தின் அன்றைய தலைவி மேரி ராபினெட் கோவல் அவருக்காகக் குரல்கொடுத்தார். வாசகர்களும் சக எழுத்தாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2021-ல் ஃபாஸ்டரின் பிரச்சினை சமரசத்தில் முடிந்தது. இதே நிலையில் இருந்த மற்ற திரைவழி நாவலாசிரியர்களுக்காகச் சங்கம் தொடர்ந்து போராடியது. எழுதியவரை எழுத்தாளர் என்று கருதாத வாசகர் கூட்டத்திடமிருந்து அந்த ஆதரவு கிடைத்திருக்காது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலிவுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கி, அட்டை கிழியும்வரை படித்தவர்கள்தான் அவருக்காகக் கேட்டார்கள்.