சித்தப்பா இருக்காரே, அப்புறம் என்ன?

தனுஷ்கோடி என்றால் நமக்கு 1964 புயல், இடிந்த தேவாலயம், அரிச்சல்முனையில் எடுத்த ரீல்ஸ். அகதி என்றால் படகு. நம் கதைகளில் இரவில் ஒரு படகு வரும், மணல்திட்டில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், ஒரு குழந்தை அழும், கதை முடிந்துவிடும். இந்த முடிவின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்தக் குழந்தை அப்புறம் என்ன ஆனது? எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமை உள்ளவர்களும் கேட்பதில்லை.

2022 மார்ச்சில், இலங்கையில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், மன்னார்ப் பக்கத்து ஆட்கள் மறுபடி இந்தக் கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1983, 1990, 2006 என்று வந்தவர்களைப் பார்த்துப் பழகிய கரை. நான் அப்போது மண்டபம் முகாமுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு பையன், பதின்மூன்று வயது. அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலை. அம்மம்மாதான் தெரிந்த குடும்பம் ஒன்றோடு அவனைப் படகேற்றி விட்டிருக்கிறார். முகாமில் 1990இல் வந்து தங்கிவிட்ட சித்தப்பா இருந்தார். அவரிடம் விட்டார்கள்.

இரண்டு மாதம் ஒழுங்காக வந்தான். பிறகு வாரத்தில் இரண்டு நாள். ஒருநாள் பார்த்தால் நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

"என்னடா இது?"

"பெயின்ட் அக்கா. எவ்வளவு கழுவினாலும் போகுதில்ல" என்று சிரித்தான்.

முகாம் ஆண்கள் பலருக்கும் பெயின்ட் வேலைதான் சோறு. சித்தப்பா அவனைக் கையாளாகக் கூட்டிப்போக ஆரம்பித்திருந்தார். அவரை வில்லனாக்குவது சுலபம், நான் செய்யமாட்டேன். சொந்தப் பிள்ளைகள் மூன்று, பத்துக்குப் பத்து அறை ஒன்று. அந்த இரவு பையனை ஏற்றுக்கொண்டவர் அவர் மட்டும்தான்.

பொறுப்பான ஓர் ஆளிடம் போய்ச் சொன்னேன். அவர் எரிச்சல்படவில்லை, ரொம்ப மரியாதையாகவே கேட்டார்: "சித்தப்பா இருக்காரே மேடம், அப்புறம் என்ன?"

இந்த ஒரு கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. 'உறவினருடன்' என்று எழுதிய நிமிடமே, தனியாக வந்த பிள்ளை காகிதத்தில் தனியாக வராத பிள்ளை ஆகிவிடுகிறது. நம் சனம் பிள்ளையைத் தெருவில் விடாது என்ற பெருமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சரிதான், விடாது. ஆனால் அந்தப் பெருமைக்கான செலவு முழுவதையும் கூலிவேலை பார்க்கும் ஒரு சித்தப்பாவின் தலையில் கட்டிவிட்டு, அரசு கையைத் துடைத்துக்கொள்கிறது.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். இந்தப் பையனுக்கு அது தேவையே இல்லை. 2015 இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, எந்த நாட்டுக் குழந்தை என்று கேட்கவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமுன் கொண்டுபோக வேண்டும். குடும்பச் சூழலை விசாரிக்க வேண்டும். ஒப்படைத்த பிறகும் தொடர்ந்து பார்க்க வேண்டும். 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 22ஆம் உறுப்பு, தனியாக வந்தாலும் துணையோடு வந்தாலும் அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உறவினரோடு வளரும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் 'மிஷன் வாத்சல்யா' திட்டம் இருக்கிறது. அது இவனுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு மனு போட்டுப் பார்க்கவாவது ஆள் வேண்டாமா?

முகாமுக்கு அதிகாரிகள் வராமல் இல்லை. தணிக்கைக்கு வருகிறார்கள். 'செக்கிங்' என்றால் முகாமே வரிசையில் நிற்கும். தலையை எண்ணுவார்கள், பெயரில் டிக் அடிப்பார்கள். இத்தனை ஒழுங்காக எண்ணத் தெரிந்த அரசுக்கு, எண்ணி முடித்தபின் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசத் தெரியவில்லை. எங்கே படுக்கிறாய்? அம்மாவோடு கடைசியாக எப்போது பேசினாய்? போன வாரம் எத்தனை நாள் பள்ளிக்கூடம்? இவ்வளவுதான். சித்தப்பா பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும், அவ்வளவே.

அமெரிக்காவில் தனியாக எல்லை தாண்டிவரும் குழந்தைகளை 'ஸ்பான்சர்' என்பவரிடம் ஒப்படைக்கிறார்கள். பெற்றோராக இருக்கலாம், வேறு சொந்தமாகவும் இருக்கலாம். அப்போதெல்லாம் முப்பது நாள் கழித்து ஒரு போன் போடுவார்கள். இரண்டு ஆண்டுகளில் அப்படிப் போனில் பிடிக்கமுடியாமல் போன குழந்தைகள் 85,000 பேருக்கும் மேல் என்று 2023இல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அதே செய்தித் தொடரில் இரவு ஷிப்ட் தொழிற்சாலைகளில் நின்றுகொண்டிருந்தார்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். அங்கேயும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கேவலமான ஏற்பாடுதான். ஆனாலும் எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்று அவர்களால் சொல்லமுடிகிறது. நான் கேட்ட இடங்களில், தனியாக வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்ற முதல் எண்ணையே யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் நான் போனபோது பையன் இல்லை. வேலைக்காரக் கூட்டத்தோடு கேரளா பக்கம் போயிருக்கிறான் என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"செக்கிங் அண்டைக்கு மட்டும் வருவான் பிள்ள. வந்து நிண்டிட்டுப் போயிருவான்."