சுத்தி செஞ்சாலும் பாதரசம் பாதரசம்தான்!

பௌர்ணமி வந்தா நம்ம கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் ஜனக்கடல். அந்தக் கூட்டத்துல ரசமணியும் விக்கிறாங்க. கழுத்துல போட்டுக்கிட்டா பரவாயில்லை. "சித்தர் முறைப்படி சுத்தி செஞ்சது, பால்ல ஊறப்போட்டு குடிங்க"ன்னு சொல்றதைத்தான் தாங்க முடியலை.

சரி, சுத்தின்னா என்ன? சித்த மருத்துவத்துல ஒரு முறை: பாதரசத்தை செங்கல் தூளோட அரைச்சு, அடுத்து மஞ்சள் தூளோட அரைச்சு, குப்பைமேனிச் சாறு விட்டு எரிப்பாங்க. ஆயுர்வேதத்துல 18 சம்ஸ்காரம், மருந்துக்கு முதல் 8 போதும்பாங்க. இது ஏமாத்து வேலைன்னு நான் சொல்லலை. ஈயம், வெள்ளீயம் மாதிரி கலப்படம் குறையும். ஆனா அழுக்கு போனா மிச்சம் என்ன? முன்னைவிட சுத்தமான பாதரசம்! அணு எண் அதே 80தான்.

கந்தகம் சேர்த்து செந்தூரமாக்கினா கதை வேற. அது தண்ணியில கரையாது, குடல்ல ரொம்பக் கம்மியாத்தான் ஏறும். அதே பாதரசம் குளோரினோட சேர்ந்து வீரம் ஆனா, கரையும், ஆளையே கொல்லும். ஆக கேள்வி இதுதான்: குப்பியில இருக்கறது எந்தச் சேர்மம், எவ்வளவு, சேராம நிக்கிற பாதரசம் எவ்வளவு? இதுக்கு பரிசோதனைக்கூடம்தான் பதில் சொல்லணும், பக்தி இல்லை.

ரசமணி இன்னும் மோசம். பாதரசம் தனியா உறையணும்னா மைனஸ் 39 டிகிரி வேணும். திருவண்ணாமலை வெயில்ல அது மணியா நிக்குதுன்னா உள்ள வேற உலோகம் இருக்குன்னு அர்த்தம். இரும்புச் சட்டியில மயில்துத்தத்தோட தேய்ச்சா செம்பு பிரிஞ்சு பாதரசத்தோட கலந்து கட்டியாயிடும். இது கெமிஸ்ட்ரி, சித்து இல்லை சாமி!

"ஆயிரம் வருஷமா சாப்பிடறோமே?" சாப்பிட்டோம், யார் கணக்கு வச்சாங்க? வெள்ளைக்காரனும் குழந்தைங்களுக்கு பல் முளைக்கறப்போ பாதரசப் பவுடர் கொடுத்தவன்தான். பிள்ளைங்க உடம்பு கெட்டதைக் கணக்கெடுத்தான், 1950கள்ல நிறுத்தினான். "இதெல்லாம் வெளிநாட்டு சதி"ன்னா, கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001ல மூடினப்போ நாம என்ன சொன்னோம்? பாதரசம் விஷம்னுதானே? கம்பெனிக்காரன் கையில விஷம், நம்ம கையில அமிர்தமா?

2004ல வெளியான ஒரு ஆய்வுல, பாஸ்டன் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேத மருந்துகளை சோதிச்சிருந்தாங்க. 14ல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. நம்ம ஊர்க் கடைகள்ல யார் எடுத்துப் பார்க்கறது?

சட்டத்தையும் பாருங்க. நச்சுப் பொருள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துல "டாக்டர் மேற்பார்வையில சாப்பிடணும்"னு எச்சரிக்கை போடச் சொல்லுது விதி 161. எந்த மொழியில? இங்கிலீஷ், இந்தி. சித்த மருத்துவமே தமிழ், அதை வாங்கிச் சாப்பிடற பாட்டிக்கு எச்சரிக்கை மட்டும் இந்தியிலயா? இதுக்கு யாருமே கொடி பிடிக்கலையே!

நான் கேக்கறது மூணு. ஒவ்வொரு பேட்சுக்கும் பாதரச அளவு ரிப்போர்ட். தமிழ்ல எச்சரிக்கை. ரசமணியைக் குடிக்கச் சொல்லி விக்கறதுக்குத் தடை.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. அஞ்சு ரூபா செலவுக்கே வவுச்சர் எங்கன்னு கேக்கற படிப்புங்க இது. வாயில போடற விஷத்துக்கு வவுச்சர் கேக்கக் கூடாதா? திட்டறவங்க தாராளமா திட்டுங்க, ஒரு லேப் ரிப்போர்ட்டோட வந்து திட்டுங்க.