மூன்றரை ஆண்டு தூங்கிய கைரேகை

1991 செப்டம்பரில் ஓர் இரவு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிளாக் ஃபாரஸ்ட் என்ற ஊர்ப்புறம். தம்பியைத் தூங்கவைத்துவிட்டு வீட்டிலிருந்த 13 வயதுச் சிறுமி, வெளியே போயிருந்த அம்மா திரும்பி வந்தபோது இல்லை. இரண்டு ஆண்டு கழித்து மலைப்பாதை ஓரத்தில் மண்டையோடு மட்டும் கிடைத்தது. வழக்கு அதோடு நின்றது.

1995 தொடக்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற ஷெரீஃப் ஜான் ஆண்டர்சன், துப்பறிவாளர் லூ ஸ்மிட்டை அழைத்து வந்தார். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த ஸ்மிட், 200க்கும் மேற்பட்ட கொலைகளை விசாரித்தவர். அவர் புதிய சாட்சியைத் தேடி ஓடவில்லை; பழைய கோப்பை முதல் தாளிலிருந்து படிக்க உட்கார்ந்தார். அதில், கழற்றப்பட்டிருந்த ஜன்னல் வலைச் சட்டத்தில் பதிந்த கைரேகை ஒன்று, யாருடையது என்று தெரியாமலே கிடந்தது.

ரேகையை முன்பே கணினியில் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள், பொருந்தவில்லை. ஆனால் அன்று ஒவ்வொரு மாநிலமும் தன் ரேகைக் கிடங்கைத் தனியாக வைத்திருந்தது. எஃப்.பி.ஐ.யின் நாடு தழுவிய கணினி அமைப்பு 1999இல்தான் வந்தது. ஓரிடத்தில் ‘இல்லை’ என்றால் எங்குமே இல்லை என்று அர்த்தமல்ல. எனவே ரேகை ஊர் ஊராக அனுப்பப்பட்டது. சில வாரங்களில் லூசியானாவிலிருந்து பதில் வந்தது: ராபர்ட் சார்லஸ் பிரவுன். அங்கே சிறை சென்றவர். கொலை நடந்தபோது சிறுமியின் வீட்டிலிருந்து அரை மைல் தூரத்தில்தான் குடியிருந்தார்! 1995இலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

இதில் மேதாவித்தனத்தைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். நம் சினிமாத் துப்பறிவாளர் சிகரெட் சாம்பலைப் பார்த்தே கொலைகாரனின் ஊரைச் சொல்லிவிடுவார். ஸ்மிட் செய்தது குமாஸ்தா வேலை. சிக்கலான வழக்குகளில் குறைவது பெரும்பாலும் மூளையல்ல, ‘பார்த்தாயிற்று’ என்று எழுதி மூடியதை மறுபடி திறக்கும் பொறுமை. அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்குவதுதான் காவல் துறைத் தலைமையின் வேலை.

பின்கதை இன்னும் சுவாரசியம். 2000இல் பிரவுன் சிறையிலிருந்து, தன் கணக்கில் 48 கொலைகள் இருப்பதாகப் புதிர்போட்டு எழுதினார். அதைத் துருவியது சம்பளமில்லாத மூன்று முதியவர்கள்: ஸ்மிட், எஃப்.பி.ஐ.யில் பணியாற்றிய சார்லி ஹெஸ், பத்திரிகை நடத்தி ஓய்வுபெற்ற ஸ்காட் ஃபிஷர். டிஸ்னி படம் ஒன்றின் பெயரால் ‘ஆப்பிள் டம்ப்ளிங் கேங்’ என்று மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். ஹெஸ் மிரட்டவில்லை, ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார், நேரில் போய்ப் பேசினார். 2006இல், 1987ஆம் ஆண்டு நடந்த இன்னொரு கொலையையும் பிரவுன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சொன்னது 48, தண்டனை கிடைத்தது இரண்டுக்கு. வாய் சொல்வதையெல்லாம் வழக்காக்கிவிட முடியாது.

ஸ்மிட்டைக் கும்பிட்டுவிட்டு நகரவும் முடியவில்லை. 1997இல் அதே மாநிலத்தின் பௌல்டரில், ஆறு வயது ஜான்பெனே ராம்சி கொலை வழக்கில் மாவட்ட வழக்கறிஞருக்கு உதவப் போனார். போலீசாரின் சந்தேகம் பெற்றோர் மேல் இருந்த நேரம் அது. ஸ்மிட்டோ அவர்களோடு சேர்ந்து பிரார்த்தனை செய்தார். பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் நெருங்குவது அவர் இயல்பு; சந்தேக வளையத்தில் இருப்பவர்களிடமும் அதையே செய்யலாமா என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. வெளியாள்தான் கொலையாளி என்று உறுதியாக நம்பிய அவர், 1998இல் விலகினார். 2008இல் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம், டி.என்.ஏ. தடயத்தைக் காட்டி, குடும்பத்தினரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தது. கொலையாளி மட்டும் இன்னும் சிக்கவில்லை.

ஸ்மிட் 2010இல் புற்றுநோயால் இறந்தார். ராம்சி வழக்கில் அவர் விட்டுச்சென்ற சந்தேக நபர்கள் பட்டியலை அவருடைய குடும்பத்தார் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.