புது டூல் வேண்டாம் என்கிற சீனியரிடம் எப்படிப் பேசுவது? 1983 வங்கி ஒப்பந்தத்தில் ஒரு பதில் இருக்கிறது

உங்களுக்கு முப்பது வயது. டீம் லீட் ஆகி ஆறு மாதம். அடுத்த மாதத்திலிருந்து ரிப்போர்ட் எல்லாம் ஏஐ டூலில்தான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. டீமில் இருக்கும் 46 வயது சீனியர் மட்டும் மீட்டிங்கில், "இப்போ இருக்கிற முறையே நல்லாத்தானே போகுது?" என்கிறார். அடுத்த வாரமும் அதே கேள்வி. ஹெச்ஆர் ஸ்லைடில் இதற்கு ஒரு பெயர் உண்டு: மாற்றத்துக்கு எதிர்ப்பு.

அந்த ஸ்லைடில் பெரும்பாலும் இன்னொரு வரியும் இருக்கும்: மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்றுப்போகின்றன. (எண்களோடு பிழைப்பு நடத்துபவள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த எண்ணின் மூலத்தைத் தேடிப்போன பிரிட்டன் ஆய்வாளர் மார்க் ஹியூஸ், அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2011லேயே எழுதிவிட்டார். ஸ்லைடுகள் மாறவில்லை.)

சீனியர் பயப்படுவது வீண் பயமா? 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள். அந்தச் செய்தியை உங்கள் சீனியரும் படித்திருப்பார். நீங்கள் டூலைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவர் வீட்டுக் கடனைப் பற்றி யோசிக்கிறார்.

வங்கிகளில் என்ன நடந்தது?

இந்தப் பேச்சுவார்த்தை இந்தியாவுக்குப் புதிதல்ல. 1960களில் கல்கத்தாவில் எல்ஐசி கம்ப்யூட்டர் நிறுவ முயன்றபோது ஊழியர்கள் அலுவலகக் கட்டடத்தில் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்தார்கள். அடுத்து வங்கிகளின் முறை வந்தது. இந்திய வங்கிகள் சங்கம் 1983 செப்டம்பரில் ஊழியர் சங்கங்களோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டது. ரங்கராஜன் குழுவின் கணினிமய அறிக்கை வந்தது 1984ல்.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதுதான் சுவாரசியம். எந்த மெஷின், எத்தனை வரை வைக்கலாம், அதை இயக்குபவருக்கு என்ன சிறப்புப் படி, யாருக்கும் வேலை போகாது என்ற உறுதி. மெஷினின் பெயர்கூட 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்'. கம்ப்யூட்டர் என்று சொன்னாலே சண்டை வரும் என்பதால் அந்தப் பெயர் என்று அந்தக் காலத்து வங்கிக்காரர்கள் சொல்வதுண்டு.

கவனியுங்கள், அங்கே யாரும் 'மனநிலையை மாத்திக்கோங்க' என்று வகுப்பு எடுக்கவில்லை. என் வேலை என்ன ஆகும், என் சம்பளம் என்ன ஆகும், இது எதுவரை போகும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தந்தார்கள். பதில் நிரந்தரமாக நிற்கவில்லை என்பதும் உண்மை. 2000-01ல் பொதுத்துறை வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். விருப்ப ஓய்வுதான், ஆனால் ஆள் குறையும் என்று 1983ல் பயந்தவர்கள் முட்டாள்கள் இல்லை.

சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றம், வேலை நேர மாற்றம் போன்றவற்றுக்குத் தொழிலாளர்களிடம் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே விதி தொடர்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்போ நீங்க என்ன பேசணும்?

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். பதினைந்து வருஷமாக 'அவரைக் கேட்டா தெரியும்' என்று பெயர் வாங்கியவரை ஒரு டூல் திடீரென்று ஃபிரெஷர் ஆக்குகிறது. அதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டியதில்லை. தனியாக உட்காருங்கள். முடிவானதையும் முடிவாகாததையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள்: "சார், டூல் வர்றது முடிவாயிடுச்சு, அதை என்னால மாத்த முடியாது. எந்த ரிப்போர்ட்டை முதல்ல மாத்தறதுங்கிறது இன்னும் முடிவாகலை. அதுல நீங்க சொல்லுங்க." அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இதுதான் கஷ்டம்.

அவர் சொல்வதில் பாதி டூலின் உண்மையான குறையாக இருக்கலாம். பழைய ஷீட்டில் அவர் கையால் பிடித்த தவறுகளை டூல் பிடிக்கிறதா என்று ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். சரிபார்ப்பை அவரிடமே கொடுங்கள், அதற்கான நேரத்தை அவருடைய டார்கெட்டிலிருந்து கழியுங்கள். இல்லையென்றால் அது வெறும் கூடுதல் வேலை.

"என் வேலை இருக்குமா?" என்று நேராகக் கேட்டால்? "ஒண்ணும் ஆகாது சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த உறுதி தரும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, அது அவருக்கும் தெரியும். "எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள மேல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையாவது போய்ச் சொல்லுங்கள். பேசியதை அன்றே நாலு வரி மெயிலாக இருவருக்கும் போட்டுவைப்பது நல்லது. பின்னால் அப்ரைசலில் 'ஒத்துழைக்கவில்லை' என்று யாராவது எழுத வந்தால், அவர் என்ன கேட்டார், உங்கள் பக்கம் என்ன பதில் வந்தது என்பது அதில் இருக்கும்.