மரம் மட்டும் வளர்த்தால் போதுமா?



அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற பாய்மரப் போர்க்கப்பல் நிற்கிறது. 1797-இல் கடலில் இறக்கிய கப்பல், இன்றும் மிதக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி மரத்தளம் உளுத்துப் போகும். 2007 முதல் 2010 வரை நடந்த பராமரிப்பில் மேல்தளத்துக்குப் புதுப் பலகை போட்டார்கள்.

‘புதுசு போட்டா அது பழைய கப்பலா?’ என்று கேட்கலாம். அளவும் வளைவும் மாறாதவரை பழைய கப்பல்தான் என்பது என் கட்சி. தண்ணீர் வடிவதற்காகத் தளம் நடுவில் சற்று உயர்ந்து ஓரங்களில் சரியும். அதற்கேற்ப இழைக்கணும், பழைய முறைப்படி இடுக்கில் நார் திணித்துக் கீல் ஊற்றணும். டிராயிங் ஷீட் பாதிதான் சொல்லும். மீதி கைக்குத்தான் தெரியும்.

இந்தக் கப்பலுக்கென்றே இண்டியானா மாநிலத்தில் கிரேன் கடற்படைத் தளத்தில் 1976-இல் வெள்ளை ஓக் மரத்தோப்பு ஒதுக்கினார்கள். மரம் சரி, இழைக்கிற கையை யார் வளர்ப்பது?

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா தச்சர். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பலகையின் வளைவைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். நாமோ கார்பென்டரி ஷாப் என்றால் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறோம். டிப்ளமோ முடித்தவன் உளி பிடிப்பது கவுரவக் குறைச்சல் என்றால், அந்த டிப்ளமோ அப்பாவிடமிருந்து என்னைப் பிரிக்கிற காகிதம்தான். எனக்கு இரண்டும் வேணும். உங்களுக்கு?